இழுத்துப் போகும் வண்டியில் யாருடைய பணம்?

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையில், ஹாபுவுக்கு அருகே ஒரு கிளைச்சாலை பிரிந்து மலைக்குள் போகிறது. போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழி அது. எதிரே லாரி வந்தால் கார் ஓரம் கட்டி நிற்க வேண்டிய குறுகல் பாதை. வளைவுக்கு வளைவு தேயிலைச் சரிவு. நடுநடுவே லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி. சுற்றுலா வருகிறவர்களுக்குப் படம் எடுக்கத் தோதான இடம். அங்கேயே குடியிருப்பவர்களுக்கோ ஒவ்வொரு வளைவும் கடக்க வேண்டிய தூரம். சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. இடைநிலைப் பள்ளிக்கும் வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் பட்டணத்துக்குத்தான் போயாக வேண்டும். பிரிஞ்சாங்கிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் சுங்கை பாலாஸ் தோட்டத்திலும், கம்போங் ராஜா பக்கத்துப் புளூ வேலியிலும் இதே நிலைதான். பேருந்து லயத்து வாசலுக்கு வராது. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி வேண்டும்.

கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் இன்றும் பழைய லேண்ட் ரோவர்களை ஓட்டுவதைப் பார்க்கலாம். கைக்காசுக்கு வாங்கிக் கைமாறி வந்த வண்டிகள் அவை. தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் வாங்குவது பெரும்பாலும் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். கொஞ்சம் நிமிர்ந்தால் புரோட்டோன் சாகா, பெரோடுவா மைவி. மொத்தப் பணம் கொடுத்து வாங்க யாரிடம் இருக்கிறது? தவணைதான். அந்தத் தவணை இரண்டு மாதம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்: "பேங்குக்காரன் வந்து இழுத்துட்டுப் போயிட்டான்."

அந்த வாக்கியத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கின்றன. வாங்கியவருக்கு என்று சட்டம் எழுதி வைத்த வாரங்கள். வண்டி இழுக்கப்படும்போது அதற்குள் இருப்பது வங்கியின் பணம் மட்டுமில்லை. முன்பணமும் அதுவரை கட்டிய தவணைகளுமாக அந்தக் குடும்பத்தின் பணமும் அதில் ஏறிப் போகிறது. அந்தப் பணத்துக்கும் உரிமை உண்டு என்று மலேசியச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த உரிமை ஒரு கடிதத்தின் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தால் உரிமையும் அதற்குள்ளேயே கிடந்து காலாவதியாகிறது. இந்த மலையில் நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி யாருடையது?

சேவா பெலி என்று நாம் எல்லோரும் சொல்லும் ஏற்பாட்டில், கடைசித் தவணை கட்டும் வரை வண்டியின் உடைமையாளர் நிதி கொடுத்தவர்தான். ஓட்டுகிறவர் அதை வாடகைக்கு வைத்திருக்கிறார். முழுவதும் கட்டி முடித்தால் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. சாலை வரியும் காப்புறுதியும் இவர் கட்டுவார், டயர் தேய்ந்தால் இவர் மாற்றுவார், விபத்து நடந்தால் இவர் பதில் சொல்வார். ஆனாலும் உடைமை அங்கே.

இந்த ஏற்பாட்டுக்கு நீதிமன்ற அங்கீகாரம் கொடுத்தது லண்டனில் நடந்த ஒரு பியானோ வழக்கு. ஹெல்பி என்ற வியாபாரி ஒரு பியானோவை மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 36 மாதத் தவணைக்குக் கொடுத்தார். எடுத்தவர் சில மாதங்களிலேயே அதை மேத்யூஸ் என்ற அடகுக்காரரிடம் வைத்துவிட்டார். பியானோ யாருக்கு? 1895-இல் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு: எடுத்தவருக்கு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எந்த நேரமும் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆகவே பியானோ இன்னமும் வியாபாரியுடையது, அடகு செல்லாது. அன்றிலிருந்து தவணைக்கு விற்கிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி வேறு கிடையாது என்றாகிவிட்டது. தையல் இயந்திரம், நாற்காலி மேசை, பிறகு மோட்டார் வாகனம் என்று அது உலகம் முழுவதும் பரவியது.

மலேசியாவின் வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இல் இயற்றப்பட்டு, 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1960-இல் கொண்டுவந்த சட்டத்தை மாதிரியாக வைத்து எழுதப்பட்டது அது. மோட்டார் சைக்கிள், கார், சிறு சரக்கு வண்டி, பேருந்து, வீட்டுக்கான நுகர்பொருள்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். தவணையில் எடுத்த குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் அதே சட்டம்தான்.

வீட்டுக் கடனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். வங்கியில் அடமானம் வைத்த வீட்டுக்குத் தவணை தவறினாலும் வங்கி தானாக வந்து பூட்டுப் போட முடியாது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, நிலப்பட்டாவின் வகையைப் பொறுத்து உயர்நீதிமன்றத்திலோ நில நிர்வாகியிடமோ விற்பனை ஆணை வாங்கி, அதன் பிறகே லேலோங் எனப்படும் ஏலத்துக்குக் கொண்டுபோக முடியும். வண்டிக்குப் பெரும்பாலான நேரம் நீதிபதி தேவையில்லை. ஒரு அறிவிப்புக் கடிதமும் ஒரு இழுவை லாரியும் போதும்.

இரண்டு வருஷம் கட்டிய பணம் எங்கே போனது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் எண்கள் தோட்டத்துக்கு அந்நியமானவை அல்ல. 40,000 வெள்ளிக் கார். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச முன்பணம் 10 விழுக்காடு, அதாவது 4,000. மீதி 36,000-க்கு ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டியில் 9 வருஷக் கடன். வருஷத்துக்கு 1,260 வீதம் ஒன்பது வருஷ வட்டி 11,340. மொத்தம் கட்ட வேண்டியது 47,340 வெள்ளி. அதை 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 438 வெள்ளிக்குச் சற்று மேல். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் காருக்கு.

இரண்டு வருஷம் ஒரு மாதம் தவறாமல் கட்டுகிறார்கள். கட்டியது 10,520 வெள்ளி. கடன் எவ்வளவு குறைந்திருக்கும்? நிலையான வட்டிக் கணக்கில் முதல் மாதங்களிலேயே வட்டியின் பெரும்பங்கைக் கழித்துக்கொள்ளும் முறை ஒன்று இங்கே நீண்ட காலமாக இருக்கிறது. 78-இன் விதி என்பது அதன் பெயர். அதன்படி பார்த்தால் அந்த 10,520-இல் ஏறக்குறைய 4,460 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிந்தது 6,060 மட்டும். இன்னும் 29,940 நிற்கிறது.

இப்போது தவணை நின்று, வண்டி இழுக்கப்பட்டு, ஏலத்தில் 24,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை 5,940. அதோடு இழுத்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை, ஏலச் செலவு. முன்பணமும் தவணையுமாக 14,520 வெள்ளி கொடுத்த குடும்பத்திடம் காரும் இல்லை. அதற்கு மேல் ஆறாயிரம் வெள்ளிக் கடன் இருக்கிறது. வண்டியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நம்பியவர்களுக்குச் சில மாதம் கழித்து வழக்கறிஞர் கடிதம் வருவது இதனால்தான். இந்தக் கணக்கு முறையை ஒழிக்க வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் வெகுநாளாகக் கேட்டு வந்தன; அண்மை ஆண்டுகளில் அரசும் அதை ஏற்றுப் பேசத் தொடங்கியிருக்கிறது. ஏழையின் முதல் இரண்டு வருஷ உழைப்பை வட்டி முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் ஒரு கணக்கு இவ்வளவு காலம் நீடித்ததே நியாயமில்லை.

அந்த இருபத்தொரு நாள்

சட்டம் என்ன சொல்கிறது என்று வரிசையாகப் பார்ப்பது நல்லது. தோட்டத்தில் இது தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்தடுத்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், அல்லது கடைசித் தவணை தவறியிருக்க வேண்டும். ஒரு மாதம் தாமதமானதற்காக யாரும் வண்டியைத் தொட முடியாது. இரண்டு தவறிய பிறகும் நேராக வந்துவிட முடியாது. சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள படிவத்தில் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது 21 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் நிலுவையைக் கட்டிவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

வாங்கியவர் இறந்துபோயிருந்தால் இரண்டு தவணை கணக்கில்லை, அடுத்தடுத்து நான்கு தவணை தவறியிருக்க வேண்டும். துக்க வீட்டுக்குச் சட்டம் கொடுத்த அவகாசம் அது. கணவர் பெயரில் வண்டி இருந்து, அவர் போன பிறகு அடுத்த மாதமே யாரோ வந்து மிரட்டினால், மனைவி சொல்லத் தகுந்த பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

இனி கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால் அதற்கும் ஒரு வழி உண்டு. நான்காம் அட்டவணை அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் வண்டியைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டால், இழுத்த கூலியையும் நிறுத்தி வைத்த வாடகையையும் அவர் தலையில் கட்ட முடியாது. மலை ஏறி வந்து இழுத்துப் போகிற செலவு சில நூறு வெள்ளியில் நிற்காது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் மிச்சமாகும் பணம் ஒரு மாதத் தவணையைவிட அதிகமாக இருக்கலாம்.

வண்டியை எடுத்த பிறகும் வாங்கியவரின் உரிமை முடிந்துவிடவில்லை. எடுத்த 21 நாளுக்குள் ஐந்தாம் அட்டவணைப்படி இன்னொரு அறிவிப்பு வர வேண்டும். நிலுவை எவ்வளவு, செலவு எவ்வளவு, வண்டியின் மதிப்பு எவ்வளவு என்று அதில் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்புக் கொடுத்து 21 நாள் ஆகும் வரை, வாங்கியவர் சம்மதமில்லாமல் வண்டியை விற்க முடியாது. அதற்குள் நிலுவையையும் செலவையும் கட்டி வண்டியைத் திரும்ப எடுக்கலாம். முழுக் கடனையும் அடைத்து முடிக்கலாம். தானே ஒரு ஆளைக் கூட்டி வந்து இந்த விலைக்கு இவர் வாங்குவார் என்று காட்டலாம். விற்ற பிறகு, பெறுமதியும் கட்டியதும் சேர்ந்து கடனைத் தாண்டினால் மிச்சம் வாங்கியவருக்குச் சேரும். ஐந்தாம் அட்டவணை அறிவிப்பே கொடுக்காமல் விட்டால், அந்த ஒப்பந்தத்தில் நிதி நிறுவனத்துக்கு இருந்த உரிமையே போய்விடும் என்கிற அளவுக்குச் சட்டம் கடுமையாகப் பேசுகிறது.

இத்தனை இருந்தும் ஏன் வண்டிகள் இப்படிப் போகின்றன? அறிவிப்பை நேரில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அஞ்சலில் அனுப்பினாலே போதும். தோட்டத்து முகவரி என்பது பல நேரம் தோட்ட அலுவலகத்தின் முகவரி. வீட்டு எண் போட்டு வாசலில் கடிதம் வந்து விழும் தெரு அங்கே இல்லை. வேலை மாறியவர், ரிங்லெட்டில் வாடகை வீட்டுக்குப் போனவர், மகன் பெயரில் வண்டி எடுத்து மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன வீடு, இவர்கள் கடன் விண்ணப்பத்தில் எழுதிய முகவரி அப்படியே இருக்கும். கடிதம் அங்கே போகும். 21 நாள் அங்கேயே ஓடி முடியும்.

கைக்கு வந்தாலும் அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு தாய்க்கு, வங்கி முத்திரை போட்ட உறையும் தொலைபேசிக் கட்டண நினைவூட்டலும் ஒன்றுபோலத்தான் தெரியும். கட்டப் பணம் இல்லாதபோது கடன்காரக் கடிதத்தைப் பிரிக்கவே கை வராது. அது அலட்சியம் இல்லை, அச்சம். அந்த அச்சத்தைப் பார்த்துச் சட்டம் எழுதப்படவில்லை.

முற்றத்தில் வந்து நிற்பவர்கள்

வண்டி எடுக்க வருகிறவர்களுக்கும் விதி உண்டு. வாடகைக் கொள்முதல் கட்டுப்பாட்டு அதிகாரி கொடுத்த அனுமதி அவர்களிடம் இருக்க வேண்டும். அடையாள அட்டையையும், எந்த நிதி நிறுவனத்துக்காக எந்த வண்டியை எடுக்க வந்திருக்கிறோம் என்ற அதிகாரக் கடிதத்தையும் காட்ட வேண்டும். எடுத்தவுடன் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் எடுத்தோம் என்று எழுதி ஒப்புகைச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கைகலப்பும் மிரட்டலும் கூடாது. வண்டிக்குள் இருக்கும் பிள்ளையின் புத்தகப் பையும் மருந்துச் சீட்டும் வீட்டுக்காரருடையவை. அவற்றை எடுத்துப்போக யாருக்கும் உரிமையில்லை.

இந்தியாவிலும் இதே தொல்லை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தவணை தவறிய லாரிகளையும் கார்களையும் அடியாட்களை வைத்துப் பறிக்கும் வழக்கத்தை, 2007-இல் ஐசிஐசிஐ வங்கிக்கும் பிரகாஷ் கவுருக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கடனை வசூலிக்கச் சட்ட வழி இருக்கும்போது முரட்டு ஆட்களை ஏவக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் சீசிங் ஆட்கள் என்றால் இன்றும் கிராமத்தில் ஒரு நடுக்கம் இருக்கிறது. இங்கே அந்த வேலைக்கு அனுமதிச் சீட்டு முறை வந்தது ஒரு முன்னேற்றம். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் வந்தால்தான் அது தோட்டத்துக்குள் முன்னேற்றமாகும்.

மலேசியாவின் வாடகைக் கொள்முதல் சட்டத்தில் 2011 ஜூன் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னொரு பாதுகாப்பைச் சேர்த்தது. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் வண்டியை எடுக்கவே முடியாது. நம் கணக்கில் ரொக்க விலை 40,000. அதன் 75 விழுக்காடு 30,000. முன்பணம் 4,000-ஐயும் சேர்த்தால், அறுபதாவது தவணையோடு அந்த எல்லையைத் தாண்டலாம். ஐந்து வருஷம் முழுதாகக் கட்டிய பிறகு.

பிரிட்டனில் இந்தப் போராட்டம் 1930-களில் நடந்தது. ஏறக்குறைய முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு தவணை தவறியதும் வீட்டுச் சாமானை அள்ளிப்போய் வேறொருவருக்கு விற்கும் கடைகள் அங்கே நிறைய இருந்தன. வேலையில்லாத் திண்டாட்டத்தில் நொந்துபோயிருந்த ஜாரோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1938-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். குறிப்பிட்ட விலைக்குட்பட்ட பொருள்களுக்கு, மொத்தத் தவணை விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால் அதன் பிறகு நீதிமன்றம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. அதே அளவுகோலை நம் கணக்கில் வைத்தால், முப்பதாவது தவணையிலேயே அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு வந்திருக்கும். அங்கே இரண்டரை வருஷம். இங்கே ஐந்து வருஷம். 73 ஆண்டு தாமதமாக வந்த பாதுகாப்பு அரைகுறையாகவும் வந்தது. இந்த 75 விழுக்காட்டைக் குறைக்கச் சொல்லி நாம் ஏன் உரக்கக் கேட்பதில்லை?

நம் கணக்குப் புத்தகங்கள்

கடனுக்காகப் பிடித்துக்கொள்வது தமிழர்களுக்குப் புதிதில்லை. இரண்டு பக்கத்திலும் நாம் நின்றிருக்கிறோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் தொழிலாளியின் கடன் ஒரு சீட்டில் எழுதப்பட்டது. துண்டு என்பார்கள். இந்தத் தொகையைக் கொடுத்தால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும். கங்காணி கொடுத்த முன்பணத்துக்கு ஈடு அந்த ஆளின் உடம்பும் அவன் குடும்பத்தின் உழைப்பும். 1921-இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மலாயாவுக்கும் கங்காணிகள் வழியே ஆள் வந்தது. இந்திய அரசு 1938-இல் தடுக்கும் வரை அது ஓடியது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய பிறகு கேமரன் சரிவுகளில் காடு வெட்டித் தேயிலை நட்ட கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். கடன் வாங்கினால் ஆளே போவான் என்ற காலத்திலிருந்து வண்டி போகும் காலத்துக்கு வந்திருக்கிறோம். அதுவரைக்கும் நல்லதுதான்.

மறுபக்கத்தில் செட்டியார்கள். பர்மாவில் நெல் விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் கடன் கொடுத்தார்கள். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறக்குறைய 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 விழுக்காடு அளவுக்கு ஏறியது. அவர்கள் கேட்டது பணம், கையில் வந்தது மண். அந்த மண் பகையை வளர்த்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது அதை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. மலாயாவிலும் அதே சரிவில் ரப்பர் விலை விழுந்து சிறு நிலக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். செட்டியார் கடனுக்காக அவர்கள் நிலம் ஏலம் போவதைக் கட்டுப்படுத்தக் கூட்டரசு மலாய் மாநிலங்கள் 1931-இல் சிறு நிலங்களின் விற்பனைக்கு எதிராகச் சட்டமே போட்டன. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கட்ட முடியாமல் போகும்போது, திரும்பப் பிடிக்கும் உரிமையை அரசு நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி.

2020-இல் மீண்டும் அப்படி ஒரு நேரம் வந்தது. கோவிட் முடக்கத்தில் கேமரன் மலைக்குச் சுற்றுலா நின்றது. விடுதியிலும் ஸ்ட்ராபெரித் தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்த்த தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடன் தவணைக்கு ஆறு மாத ஒத்திவைப்பு கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்துத் தவணை தவறியதைக் காரணம் காட்டி வண்டியைப் பறிக்கக் கூடாது என்றும் ஒரு தற்காலிகச் சட்டம் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் அரசிதழில் வந்தது அக்டோபர் 23-இல். மழை விட்டபின் வந்த குடை.

கைமாற்றும் ஆபத்து

தவணை கட்ட முடியாமல் தவிக்கும்போது பலர் தேடும் குறுக்குவழி சம்போங் பாயார். வண்டியை இன்னொருவரிடம் கொடுத்து, "நீ ஓட்டிக்கோ, மாதாமாதம் நீயே கட்டிக்கோ" என்று வாய்வார்த்தையில் முடிப்பது. ஒப்பந்தம் பழையவர் பெயரில்; வண்டி புதியவர் கையில். புதியவர் மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்துவார். பிறகு தொலைபேசி எடுக்க மாட்டார். வண்டி எங்கே என்றே தெரியாது. அறிவிப்பு பழையவருக்கு வரும், குற்றச்சாட்டும் பழையவர் மேல் விழும். நிதி நிறுவனத்துக்குச் சொந்தமான பொருளை அவர்களுக்குத் தெரியாமல் ஏமாற்றிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம்.

நேரான வழி இருக்கும்போதே மக்கள் இதில் விழுகிறார்கள் என்பதுதான் வேதனை. வாடகைக் கொள்முதல் உரிமையை நிதி நிறுவனத்தின் சம்மதத்தோடு இன்னொருவர் பெயருக்கு முறையாக மாற்றலாம். நியாயமான காரணம் இல்லாமல் அந்தச் சம்மதத்தை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கிளைக்குப் போகத்தான் மனம் வருவதில்லை.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் கதை இன்னும் கொடுமை. மச்சான் கேட்டான், சம்பந்தி கேட்டார், பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான் என்று போட்ட கையெழுத்து. ஏலத்தில் விழுந்த குறையை வங்கி அவரிடமும் கேட்கலாம். தோட்டத்தில் ஒரே வரிசை லயத்தில் கடன் வாங்கியவரும் ஜாமீன் போட்டவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். வண்டி போன பிறகு அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கோயில் திருவிழாவில் ஒன்றாக உட்கார மாட்டார்கள். எந்த ஏலக் கணக்கிலும் இந்த இழப்பு ஏறுவதில்லை.

இனி என்ன செய்யலாம்?

மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனம், ஏகேபிகே, காசு வாங்காமல் கடன்காரர்களுக்கு உதவுகிறது. வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, கட்டும்படியாக ஒரு திட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். வண்டி போன பிறகு போனால் செய்யக் கூடியது குறைவு. முதல் தவணை தவறுவதற்கு முன்பே, சம்பளம் குறையப் போகிறது என்று தெரிந்த மாதமே போக வேண்டும். தோட்டத்துக்கு அவர்கள் வரட்டும் என்று கேட்பதும் நியாயம்தான். சுங்கை பாலாஸ் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலோசகர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், எத்தனை வீட்டு உறைகள் அன்று பிரிக்கப்படும்! 1954 முதல் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசிவரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மலாய் படிக்கத் தெரிந்த ஒரு இளைஞர் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பெரியவர்களுக்கு வங்கிக் கடிதங்களைப் படித்துச் சொன்னாலே பாதி வண்டிகள் தப்பும்.

சட்டம் எழுதுகிறவர்களிடமும் கேட்பதற்கு இருக்கிறது. நான்காம், ஐந்தாம் அட்டவணை அறிவிப்புகளோடு தமிழிலும் சீனத்திலும் ஒரு பக்க விளக்கம் இணைக்கக் கட்டாயப்படுத்துங்கள். அஞ்சலோடு நிற்காமல், கடன் விண்ணப்பத்தில் எழுதிய கைப்பேசி எண்ணுக்கும் அதே நாளில் செய்தி போகட்டும். பதில் வராவிட்டால் 21 நாள் ஓடத் தொடங்காமல் இருக்கட்டும். தோட்டம், ஃபெல்டா குடியேற்றம், பூர்வகுடிக் கிராமம் போன்ற பொது முகவரிகளில் வாழ்கிறவர்களுக்கு அறிவிப்பை நேரில் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். நீதிமன்ற ஆணை வேண்டும் என்ற எல்லையை 75 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். வங்கிகள் நட்டப்படும் என்பார்கள். பிரிட்டன் 1938-இல் அதைச் செய்தது. அதன் பிறகும் அங்கே தவணை வியாபாரம் நிற்கவில்லை, வளர்ந்தது.

இதெல்லாம் நடக்கும் வரை வீட்டில் உடனே செய்யக் கூடியவை சில. வண்டி ஒப்பந்தத்தை எடுத்து ரொக்க விலை எவ்வளவு என்று பாருங்கள்; இதுவரை கட்டியது அதில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டதா என்று கூட்டிப் பாருங்கள். முகவரி மாறியிருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மேசை இழுப்பறையில் பிரிக்காத வங்கி உறை இருந்தால் இன்றே பிரித்து, தேதியைப் பார்த்து, நாள்காட்டியில் அதிலிருந்து 21-ஆம் நாளைக் குறித்து வையுங்கள்.